சாயப்பட்டறை வால்வுகளில் கசிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், ஈரோடு, பெருந்துறைப் பக்கம் உள்ள சாயப்பட்டறைகளில் பராமரிப்பு வேலை பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஸ்டீம் லைன், தெர்மிக் ஃப்ளூயிட் (சூடேற்றும் எண்ணெய்) லைன், கெமிக்கல் லைன், தண்ணீர் லைன் நான்குக்கும் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஸ்டீமுக்கு மட்டும் கொஞ்சம் அதிக இடம் போய்விட்டது. பட்டறையில் தொல்லையும் அங்கேதான் அதிகம்.

வால்வு ஒழுகுகிறது என்று ஆபரேட்டர் சொல்கிறார். முதலில் எதைப் பார்ப்பது?

எங்கே ஒழுகுகிறது என்பதைத்தான். ஸ்பானரை எடுப்பதெல்லாம் அப்புறம்.

வால்வு கசிவதற்கு நான்கு இடங்கள் உண்டு. ஸ்பிண்டில் (வீல் மாட்டிய தண்டு) மேலே வரும் கிளாண்ட், பாடியும் பான்னெட்டும் (மேல்மூடி) சேரும் ஜாயிண்ட், பைப்போடு போல்ட் போட்டு இணைக்கும் இரண்டு பக்க ஃபிளேஞ்ச், உள்ளே டிஸ்க் உட்கார்ந்து அடைக்கும் சீட். முதல் மூன்றும் வெளியே தெரியும். சீட் கசிவு வெளியே தெரியாது; மூடிய வால்வைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும். 'வால்வு பாஸ் ஆகுது' என்று ஃபிட்டர்கள் சொல்வது இதைத்தான். நான்குக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. அபூர்வமாக ஐந்தாவதாக ஒன்றும் வரும்: வார்ப்பிலேயே இருக்கும் நுண்ணிய ஓட்டை. அப்படி இருந்தால் வால்வை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

லாகிங் (சூடு போகாமல் சுற்றும் கம்பளியும் தகரமும்) போட்ட லைனில் சொட்டு விழும் இடத்தை நம்ப வேண்டாம். தண்ணீர் கம்பளிக்குள் ஓடி, தாழ்வான இடத்தில் தகரத்தின் ஜாயிண்ட் வழியாக வெளியே வரும். கசிவு ஓர் ஆள் நீளம் தள்ளிக்கூட இருக்கலாம். லாகிங்கைக் கழற்றி, துணியால் துடைத்துவிட்டு, மறுபடி எங்கே ஈரம் பூக்கிறது என்று பார்த்தால்தான் சரியான இடம் தெரியும்.

கிளாண்டில் கசிந்தால் நட்டை டைட் வைத்தால் போதாதா?

சில நேரம் போதும். புதிதாகப் போட்ட பேக்கிங் (ஸ்பிண்டிலைச் சுற்றி கிளாண்டுக்கு அடியில் அடைக்கும் கயிறு) முதல் சில நாளில் கொஞ்சம் அமுங்கும். அப்போது இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று வைத்தால் நின்றுவிடும். வைக்கும்போது இன்னொரு கையால் வீலைத் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீல் கனமாகத் தொடங்கினால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

ஒரு பக்க நட்டை மட்டும் வைப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். ஸ்பானர் எட்டும் பக்கம் எதுவோ அது இறுகும், சுவர்ப் பக்கம் இருப்பது அப்படியே கிடக்கும். கிளாண்ட் சாய்ந்து ஸ்பிண்டிலை ஒரு பக்கம் உரசும். வெண்கலக் கிளாண்டாக இருந்தாலும் ஸ்பிண்டிலில் கோடு விழும். கோடு விழுந்த ஸ்பிண்டிலுக்கு எவ்வளவு நல்ல பேக்கிங் போட்டாலும் அந்தக் கோட்டின் வழியாக ஸ்டீம் வந்துகொண்டேதான் இருக்கும்.

கிளாண்ட் முழுக்க உள்ளே இறங்கி அடியில் தட்டிவிட்டதா என்றும் பாருங்கள். தட்டிவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு வைத்தாலும் நட்டுதான் இறுகுமே தவிர பேக்கிங் இறுகாது. மூன்றாவது, நான்காவது முறையாக ஒரே கிளாண்டை டைட் வைக்கிறீர்கள் என்றால் அது பழுதுபார்ப்பு ஆகாது, நாளைத் தள்ளிப்போடுவதுதான். பேக்கிங் மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது.

இன்னொன்று: ஸ்டீம் ஓடும்போது துருப்பிடித்த கிளாண்ட் போல்ட்டில் ஸ்பானர் போடாதீர்கள். போல்ட் அறுந்தால் கிளாண்ட் மேலே எழும்பி, சூடான பேக்கிங்கும் ஸ்டீமும் நேராக முகத்துக்கு வரும். 7 கிலோ பிரஷரில் ஸ்டீமின் சூடு சுமார் 170 டிகிரி.

பேக்கிங்கை முறைப்படி மாற்றுவது எப்படி?

லைனைத் தனிமைப்படுத்தி, டிரெய்ன் திறந்து, பிரஷர் இல்லை என்பதைக் கேஜை மட்டும் நம்பாமல் டிரெய்னிலும் பார்த்து உறுதிசெய்துகொண்டு, ஆறவிட்டுத் தொடங்க வேண்டும். வால்வை முழுக்கத் திறந்தால் ஸ்பிண்டிலின் தோள் பான்னெட்டின் அடியில் போய் உட்காரும். பேக் சீட் என்பார்கள். அதை நம்பி லைன் ஓடும்போதே பேக்கிங் மாற்றும் பழைய ஃபிட்டர்கள் உண்டு. செய்யாதீர்கள். அந்தச் சீட்டில் துருவோ தூசியோ இருந்தால் தெரிய வழியே இல்லை. தெரியும்போது பேக்கிங் கையில் இருக்கும்.

பழைய பேக்கிங்கை முழுக்க எடுக்க வேண்டும். மேலே இருக்கும் இரண்டு ரிங்கை மட்டும் கொக்கியால் இழுத்துவிட்டு, புதிதாக இரண்டு ரிங் போட்டு மூடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அடியில் கருகி இறுகிப்போன ரிங் அப்படியே கிடந்தால், மேலே கொடுக்கும் அழுத்தம் கீழே இறங்காது. டார்ச் அடித்து, பேக்கிங் உட்காரும் பெட்டியின் (ஸ்டஃபிங் பாக்ஸ்) அடி தெரியும்வரை எடுங்கள். அப்புறம் ஸ்பிண்டிலைத் துணியால் துடைத்து நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் ஸ்பிண்டிலைக் கடைசலுக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும்.

சைஸுக்குக் கணக்கு எளிது. ஸ்டஃபிங் பாக்ஸின் உள் விட்டத்திலிருந்து ஸ்பிண்டிலின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுங்கள். பெட்டி 36 மி.மீ., ஸ்பிண்டில் 20 மி.மீ. என்றால் 8 மி.மீ. பேக்கிங். 10 மி.மீ. கயிற்றைச் சுத்தியலால் தட்டி 8 ஆக்குவது வேண்டாம், பின்னல் உடைந்துவிடும்.

கயிற்றை ஸ்பிரிங் மாதிரி தொடர்ச்சியாகச் சுற்றி உள்ளே தள்ளக் கூடாது. அப்படிச் சுற்றினால் கசிவுக்கு நீங்களே ஒரு சுழல்படி கட்டிக்கொடுத்த மாதிரி. ஸ்பிண்டில் விட்டத்திலேயே ஒரு பைப் துண்டோ கம்பியோ எடுத்து, அதன்மேல் கயிற்றைச் சுற்றி, கூரான கத்தியால் 45 டிகிரிச் சாய்வில் தனித்தனி ரிங்காக வெட்டுங்கள். ஒவ்வொரு ரிங்கையும் தனியாக இறக்கி, பிளந்த புஷ் ஒன்றால் அமுக்கி உட்காரவைத்த பிறகுதான் அடுத்தது. ஒரு ரிங்கின் வெட்டு வாய் கிழக்கே இருந்தால் அடுத்தது தெற்கே, அதற்கடுத்தது மேற்கே என்று 90 டிகிரி தள்ளித் தள்ளி வர வேண்டும். நான்கு அல்லது ஐந்து ரிங் போதும். பெட்டி ஆழமாக இருக்கிறதே என்று எட்டு ரிங் அடைத்தால், கிளாண்டின் அழுத்தம் மேலே உள்ள ரிங்குகளிலேயே செலவாகிவிடும். மீதி ஆழத்துக்கு அடியில் ஒரு ஸ்பேசர் புஷ் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியில் கிளாண்ட் சில மி.மீ. பெட்டிக்குள் நுழைந்து நேராக நிற்க வேண்டும். பின்னால் டைட் வைக்கவும் இடம் மிச்சம் இருக்க வேண்டும். நட்டை இறுக்கி, வால்வை நாலைந்து முறை முழுக்கத் திறந்து மூடி, மறுபடி கொஞ்சம் இறுக்குங்கள். லைன் ஓடத் தொடங்கியபின் அதே ஷிஃப்டில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பம்ப் கிளாண்டில் சொட்டு விழ வேண்டும் என்கிறார்களே, வால்வுக்கும் அப்படித்தானா?

இல்லை. பம்பில் ஷாஃப்ட் நிற்காமல் சுற்றுகிறது. பேக்கிங் கருகாமல் இருக்க அந்தச் சொட்டு தேவை. வால்வின் ஸ்பிண்டில் எப்போதாவதுதான் அசைகிறது. வால்வு கிளாண்டில் சொட்டு விழுந்தால் அது கசிவுதான்.

எந்தப் பேக்கிங் வாங்குவது? கடையில் நாலு விதம் காட்டுகிறார்கள்.

ஸ்டீமுக்கும் தெர்மிக் ஃப்ளூயிட்டுக்கும் கிராஃபைட். பட்டறையில் வரும் எந்தச் சூட்டையும் தாங்கும். காற்றுப் படும் இடத்தில் 450 டிகிரிக்கு மேல் போனால்தான் அது மெல்ல எரிந்து குறையத் தொடங்கும். நமக்கு அந்தச் சூடு வருவதில்லை. காஸ்டிக், அசிட்டிக் அமிலம், பெராக்சைடு லைன்களுக்கு டெஃப்லான். டெஃப்லானுக்கு உச்சவரம்பு சுமார் 260 டிகிரி. அதற்கு முன்பே சூட்டில் இளகி, அழுத்தத்தில் வழிந்து நகரும் குணமும் அதற்கு உண்டு. அதனால் டெஃப்லான் பேக்கிங்கை அடிக்கடி பார்த்து, லேசாக இறுக்க வேண்டிவரும்.

மலிவாகக் கிடைக்கும் கிரீஸ் தடவிய பருத்திக் கயிறு, குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும்.

பழைய வால்வுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு இருக்கக்கூடும். எடுக்கும்போது தண்ணீரில் நனைத்து, முகமூடி போட்டு எடுங்கள். கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யவே கூடாது. அந்த நார்த்தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும், அதுவும் பல வருடம் கழித்து.

வால்வை இறுக்கி மூடியும் ஸ்டீம் உள்ளே போகிறது. ஏன்?

சீட்டில் ஏதோ ஆகியிருக்கிறது. சாயப்பட்டறையில் இதன் அறிகுறி வால்வில் தெரிவதற்கு முன் துணியில் தெரியும். சாஃப்ட் ஃப்ளோ என்ற சாயமேற்றும் மெஷினில் ஒரே ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் சூடேற்ற ஸ்டீமும் குளிர்விக்கத் தண்ணீரும் மாறி மாறி வருகின்றன. ஸ்டீம் வால்வு பாஸ் ஆனால் குளிர்விக்கும் நேரத்திலும் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு இத்தனை டிகிரி என்று புரோகிராம் போட்டிருப்பது நடக்காது, ஷேடு மாறும். சாயக் கணக்கில் தப்பு என்று லேபில் போய்ச் சண்டை நடக்கும்.

குளிர்நீர் வால்வு பாஸ் ஆனால் இன்னும் மோசம். ஸ்டீம் ஏறும்போது கடினத் தண்ணீர் கலந்து கண்டென்சேட் (ஸ்டீம் குளிர்ந்து ஆன தண்ணீர்) டேங்குக்குப் போகும், அங்கிருந்து பாய்லருக்கு. பாய்லர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) காரணமில்லாமல் ஏறுகிறது, புளோடவுன் (உப்பேறிய தண்ணீரை வெளியே விடுவது) அதிகம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், கெமிக்கல்காரரைக் கூப்பிடும் முன் டையிங் மெஷின்களின் குளிர்நீர் வால்வுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

காரணங்களில் முதலாவது குப்பை. புதிதாக பைப் வேலை நடந்தபின் வெல்டிங் சிட்டமும் துருவும் சீட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் சிக்கும். அதன் மேலேயே பலம்கொண்டு மூடினால் சீட்டில் பள்ளம் விழும். மூடிய வால்வில் நிற்காமல் ஏதோ ஓடுகிற மாதிரிச் சத்தம் கேட்டால், உடனே அதிகமாக இறுக்காதீர்கள். ஒருமுறை திறந்து, ஓட்டத்தில் குப்பை போகவிட்டு மறுபடி மூடிப் பாருங்கள். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். வால்வுக்கு முன்னால் ஸ்டிரெய்னர் வைத்து, அதை அவ்வப்போது கழற்றிக் கழுவினால் இந்தத் தொல்லையே பாதி குறையும்.

இரண்டாவது, வால்வை லேசாகத் திறந்து வைத்தே ஓட்டுவது. ஈரமான ஸ்டீம் அந்தச் சின்ன இடுக்கில் அதிவேகமாகப் பாய்ந்து, சீட்டில் மெல்லிய வாய்க்கால் அறுக்கும். ஆங்கிலத்தில் வயர் டிராயிங் என்பார்கள். பார்த்தால் நிஜமாகவே கம்பி வைத்து அறுத்த தடம் மாதிரிதான் இருக்கும். அது விழுந்துவிட்டால் எத்தனை பேர் சேர்ந்து வீலைத் திருப்பினாலும் நிற்காது.

மூன்றாவது, அந்த வீலில் பைப் போட்டுத் திருப்புவதே. கையால் மூடி நிற்காத வால்வு பைப் போட்டால் இன்றைக்கு நிற்கும். நாளைக்கு அதைவிட நீளமான பைப் வேண்டும். அதற்குள் ஸ்பிண்டில் வளைந்திருக்கும், கிளாண்டும் ஒழுகத் தொடங்கியிருக்கும். என்னைக் கேட்டால் பாய்லர் ஹவுஸ் மூலையில் சாத்தி வைத்திருக்கும் அந்த இரண்டடி பைப்பை எடுத்து ஒளித்துவைப்பதுதான் கசிவுத் தடுப்பின் முதல் வேலை.

பாஸ் ஆகிறதா இல்லையா என்று எப்படி உறுதிசெய்வது?

மூடி அரைமணி நேரம் கழித்து, வால்வுக்கு அந்தப் பக்கம் நல்ல தூரம் தள்ளி டெம்பரேச்சர் கன் வைத்துப் பாருங்கள். ஒட்டியே பார்த்தால் இரும்பு வழியாக வரும் சூடு ஏமாற்றும். பளபளப்பான ஸ்டெயின்லெஸ் பைப்பில் கன் சூட்டைக் குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் பாருங்கள். நீள ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பாடியில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பது பழைய முறை, இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. அல்ட்ராசோனிக் கருவி இருந்தால் சத்தமான ஷெட்டிலும் கேட்கலாம். எல்லாவற்றையும்விட நிச்சயமானது, அந்தப் பக்க டிரெய்னைத் திறந்து பார்ப்பது.

சீட்டைச் சரிசெய்ய முடியுமா, மாற்றத்தான் வேண்டுமா?

குளோப் வால்வில் லேசான தடம் என்றால் லாப்பிங் செய்யலாம். கார்போரண்டம் பேஸ்ட்டை முதலில் கரடு, அப்புறம் நைஸ் என்று தடவி, டிஸ்க்கைச் சீட்டில் வைத்து முன்னும் பின்னுமாகத் தேய்த்து, இடையிடையே இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் நீல மை மெல்லியதாகத் தடவி ஒருமுறை வைத்து எடுங்கள். சுற்றிலும் அறுபடாத ஒரு வளையம் விழுந்தால் சரி. எங்காவது விட்டுப்போயிருந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். பேஸ்ட்டை முழுக்கத் துடைக்காமல் மூடினால் வால்வுக்குள் அது தேய்த்துக்கொண்டே இருக்கும்.

நகம் இறங்கும் ஆழத்துக்கு வாய்க்கால் விழுந்திருந்தால் லாப்பிங் நேரவிரயம். ஒன்றரை இன்ச்சுக்குக் கீழே உள்ள வால்வாக இருந்தால் ஆள்கூலிக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் புதிது வாங்குவதே லாபம்.

எந்த வேலைக்கு எந்த வால்வு?

கேட் வால்வு முழுக்கத் திறக்க, முழுக்க மூட மட்டும். பாதியில் நிறுத்தினால் கேட் அதிர்ந்து சீட்டைத் தேய்க்கும். ஸ்டீமைக் கூட்டிக் குறைக்க குளோப் வால்வு. அதிலும் பாடியில் வார்த்திருக்கும் அம்புக்குறி ஓட்டத்தின் திசையில் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். பால் வால்வையும் பாதியில் நிறுத்தக் கூடாது. டெஃப்லான் சீட்டின் ஒரு பக்கம் மட்டும் அரிபடும். தானாகத் திறந்து மூடும் கன்ட்ரோல் வால்வை லைன் அடைக்கும் வால்வாக நினைக்க வேண்டாம். கிளாஸ் 4 என்று எழுதியிருந்தால், மூடிய நிலையிலும் அதன் முழுக் கொள்ளளவில் 0.01 சதவீதம் வரை கசியலாம் என்று தரவிதியே அனுமதிக்கிறது. அதற்கு முன்னால் கையால் மூடும் வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும்.

பாய்லர் ஸ்டீம் லைனுக்கு ஐபிஆர் வால்வுதான். 1950-ஆம் ஆண்டின் இந்தியன் பாய்லர் ரெகுலேஷன்ஸ் (ஐபிஆர்) விதிப்படி சோதிக்கப்பட்டதற்கு ஃபார்ம் 3சி சான்றிதழ் கூடவே வரும். வால்வில் உள்ள நம்பரும் சான்றிதழில் உள்ள நம்பரும் ஒன்றா என்று ஸ்டோரிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

புது வால்வு, டெஸ்ட் சான்றிதழும் இருக்கிறது. மாட்டிய வாரமே ஏன் கசிகிறது?

சான்றிதழ் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஏபிஐ 598 என்ற அமெரிக்க வால்வுச் சோதனை விதிப்படி பாடியை அதன் மதிப்பிட்ட பிரஷரைப்போல் ஒன்றரை மடங்கிலும், சீட்டை 1.1 மடங்கிலும் சோதிக்கிறார்கள். 2 இன்ச் வரை சீட்டில் சொட்டே விழக் கூடாது. அதற்கு மேல் 6 இன்ச் வரை, உலோகச் சீட் என்றால் நிமிடத்துக்கு 12 சொட்டு வரை பாஸ்தான். ஆக, 4 இன்ச் கேட் வால்வு சொட்டு விடுவது கம்பெனி கணக்கில் குறையே இல்லை. சொட்டே கூடாது என்றால் ஆர்டரிலேயே அப்படி எழுத வேண்டும்.

மற்றபடி கெடுவது நம் கையில்தான். ஃபிளேஞ்ச் மூடியைக் கழற்றி மாசக்கணக்கில் வெளியே போட்டிருப்போம், மணல் உள்ளே போயிருக்கும். சாக்கெட் வெல்டு பால் வால்வை அப்படியே வைத்து வெல்டிங் அடித்திருப்பார் காண்ட்ராக்டர், டெஃப்லான் சீட் உருகியிருக்கும். இரண்டு பைப்புக்கும் இடையே நேர்க்கோடு இல்லாமல் போல்ட்டால் இழுத்துக் கட்டியிருப்பார்கள், பாடி முறுக்கிக்கொண்டு கிடக்கும்.

ஃபிளேஞ்ச் ஜாயிண்ட் அடிக்கடி ஊதுகிறது. கேஸ்கெட் தரம் சரியில்லையா?

கேஸ்கெட்டை (இரண்டு ஃபிளேஞ்சுக்கும் நடுவில் வைக்கும் அடைப்பு) குறை சொல்லும் முன் ஃபிளேஞ்சுகள் ஒன்றுக்கொன்று ஜோடிதானா என்று பாருங்கள். பழைய பட்டறைகளில் டேபிள் ஈ என்ற பிரிட்டிஷ் அளவு ஃபிளேஞ்ச் இன்னும் இருக்கிறது, புது வால்வு ஏஎஸ்ஏ 150 என்ற அமெரிக்க அளவில் வருகிறது. 2 இன்ச் சைஸில் இரண்டுக்கும் வெளி விட்டம் 6 இன்ச்தான், கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். ஆனால் போல்ட் வட்டம் டேபிள் ஈ-யில் சுமார் 114 மி.மீ., ஏஎஸ்ஏவில் 120.7 மி.மீ. ஓட்டையை கேஸ் கட்டிங் வைத்து நீட்டி, போல்ட்டைச் சாய்வாக நுழைத்து மாட்டிவிடுவார்கள். சாய்ந்த போல்ட் ஒரு விளிம்பில்தான் அழுத்தும். அந்த ஜாயிண்டுக்கு உலகத்திலேயே விலை உயர்ந்த கேஸ்கெட் போட்டாலும் நிற்காது.

ஃபிளேஞ்ச் ஜோடி சரியாக இருந்தால், அடுத்து டைட் வைக்கும் முறை. எதிரெதிர் போல்ட்டாக, முதல் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்து மூன்றில் இரண்டு, அப்புறம் முழுசு. கடைசியில் வட்டமாக ஒரு சுற்று. மரையில் எண்ணெயோ ஆன்டி சீஸோ (மரை சிக்காமல் இருக்கப் போடும் பசை) தடவாவிட்டால் உங்கள் பலத்தில் பெரும்பகுதி உரசலிலேயே போய்விடும், போல்ட் இழுபடாது. பழைய கேஸ்கெட்டைத் திருப்பிப் போடுவது, இரண்டு கேஸ்கெட்டை ஒன்றாக வைப்பது, கேஸ்கெட் ஷீட்டை ஃபிளேஞ்சின்மேலேயே வைத்துச் சுத்தியலால் தட்டி வெட்டுவது மூன்றும் வேண்டாம். சூடேறி இறுகிய ஃபைபர் கேஸ்கெட்டை மறுபடி டைட் வைத்தால் விரிசல் விடும். லைனை நிறுத்தி மாற்றுங்கள்.

ஸ்டீம் ஏற்றும்போது 'டொம் டொம்' என்று இடிக்கிறது. அதற்கும் கசிவுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. குளிர்ந்த லைனில் தேங்கிய தண்ணீரை ஸ்டீம் தூக்கிக்கொண்டு வந்து வளைவிலும் வால்விலும் அறைகிறது. காலையில் ஒரு இடி, கேஸ்கெட்டுக்கு ஒரு மாத ஆயுசைக் குறைக்கும் என்றுகூடச் சொல்லலாம். வார்ப்பிரும்புப் பாடியே வெடித்த விபத்துகள் உண்டு. டிரெய்னைத் திறந்து தண்ணீர் முழுக்கப் போகவிட்டு, மெயின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். பெரிய வால்வுக்குப் பக்கத்தில் சின்ன பைபாஸ் இருப்பதே இதற்காகத்தான்.

சேஃப்டி வால்வு லேசாக ஊதிக்கொண்டே இருக்கிறது. ஸ்பிரிங்கை இறுக்கலாமா?

கூடவே கூடாது. ஸ்பிரிங்கை இறுக்கினால் அது திறக்கும் பிரஷர் மாறிவிடும். பாய்லருக்கு இருக்கும் கடைசிக் காவலே அதுதான். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: ஓட்டும் பிரஷர் செட் பிரஷருக்கு மிக நெருக்கமாக இருக்கும், அல்லது ஒருமுறை பாப் ஆனபோது (திறந்து ஊதியபோது) சீட்டில் குப்பை உட்கார்ந்திருக்கும். ஓட்டும் பிரஷர் செட் பிரஷரைவிடப் பத்து சதவீதமாவது கீழே இருக்கட்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால் கழற்றி அனுப்பி லாப் செய்து, சோதித்து, சீல் வைத்து வாங்குங்கள்.

'லேசாகத்தானே ஊதுது, இருக்கட்டும்' என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் ஒரு ரிலீஃப் வால்வு திறந்து, மூடாமல் மாட்டிக்கொண்டது. கன்ட்ரோல் அறையில் இருந்த விளக்கு மூடச் சொல்லிச் சிக்னல் போனதைத்தான் காட்டியது, வால்வு மூடியதைக் காட்டவில்லை. வெளியேறும் குழாயின் சூடு அதிகமாக இருந்ததை ஆபரேட்டர்கள் பார்த்தார்கள். ஆனால் அந்த வால்வுப் பக்கம் அதற்கு முன்பிருந்தே கசிவு இருந்ததால், அந்தக் குழாய் எப்போதுமே சூடாகத்தான் இருந்தது. வழக்கமான கசிவுதான் என்று நினைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் குளிர்நீர் போய்க்கொண்டே இருந்தது; உலையின் மையம் பாதியளவு உருகியது. பழகிப்போன கசிவு புதிய கோளாறை மறைத்துவிடும் என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்வது.

தெர்மிக் ஃப்ளூயிட் வால்வில் துளித் துளியாகத்தான் வருகிறது. அவசரமா?

ஸ்டீமைவிட அவசரம். ஸ்டென்டருக்கு (துணியை விரித்துக் காயவைக்கும் மெஷின்) போகும் எண்ணெய் பெரும்பாலும் 250 டிகிரிக்கு மேல் இருக்கும். துளி கீழே விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். லாகிங் கம்பளிக்குள் ஊறினால்தான் ஆபத்து. கம்பளியில் பரவிய எண்ணெய் மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து உள்ளுக்குள் சூடேறி, நெருப்பே காட்டாமல் பற்றிக்கொள்ளும். லாகிங்கைப் பிரித்ததும் காற்றுப் பட்டு குபீரென்று எரிந்த நிகழ்வுகள் உண்டு. புகை வந்தால் சூடாக இருக்கும்போது தகரத்தைக் கழற்றாதீர்கள். லைனை நிறுத்தி ஆறவிட வேண்டும்.

இந்த லைனுக்கு பெல்லோஸ் சீல் வால்வு வாங்குங்கள். ஸ்பிண்டிலைச் சுற்றி மடிப்பு மடிப்பான உலோகக் குழல் வெல்டு செய்யப்பட்டிருக்கும், எண்ணெய் கிளாண்டுக்கே வராது. விலை அதிகம்தான், இந்த ஒரு லைனில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண வால்வு இருக்கும்வரை ஸ்பிண்டில் பக்கவாட்டில் நிற்கும்படி மாட்டுங்கள். கசிந்தாலும் துளி பைப் லாகிங்கில் இறங்காது. கிளாண்டையும் ஃபிளேஞ்சையும் லாகிங் போட்டு மூடாமல் விடுங்கள்.

பெராக்சைடு, காஸ்டிக், அமில லைன்களில் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பெராக்சைடுக்கு ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பால் வால்வை மூடும்போது பந்தின் துளைக்குள்ளும் பாடியின் குழிக்குள்ளும் கொஞ்சம் திரவம் சிறைப்படும். பெராக்சைடு தானாகச் சிதைந்து ஆக்சிஜன் விடும் பொருள். துருவோ அழுக்கோ பட்டால் வேகமாகச் சிதையும். வாயு போக வழியில்லாமல் பிரஷர் ஏறி வால்வு வெடிக்கலாம். அதனால் பந்தில் ஒரு பக்கம் சிறு துளை போட்ட வால்வு என்று கேட்டு வாங்குங்கள். மாட்டும்போது அந்தத் துளை மூடிய நிலையில் டேங்க் பக்கம் பார்க்க வேண்டும். பித்தளை, சாதா இரும்பு எதுவும் அந்த லைனில் இருக்கக் கூடாது.

காஸ்டிக் லைனில் பித்தளை, துத்தநாகம், அலுமினியம் ஆகாது. ஆள் நடக்கும் இடத்தில், அதுவும் முக உயரத்தில் உள்ள ஃபிளேஞ்சுக்கும் கிளாண்டுக்கும் கவசம் போடுங்கள். காஸ்டிக் கசிவு வெள்ளையாகப் பொரிந்து காய்ந்திருக்கும். பாதிப் பேர் அதை உப்பு என்று கையால் தட்டிவிடுவார்கள்.

ஒரு சின்னக் கசிவால் உண்மையில் எவ்வளவு நஷ்டம்?

7 கிலோ லைனில் 3 மி.மீ. ஓட்டை அளவுக்குக் கசிந்தால் மணிக்கு ஏறக்குறைய 20 முதல் 30 கிலோ ஸ்டீம் போகும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை டன் முதல் முக்கால் டன் வரை. ஒரு கிலோ விறகுக்கு மூன்றரைக் கிலோ ஸ்டீம் என்று வைத்தால் தினம் 140 முதல் 200 கிலோ விறகு. அந்தக் கிளாண்டுக்குத் தேவையான கிராஃபைட் கயிற்றின் விலையைப் பக்கத்தில் எழுதி முதலாளியிடம் காட்டுங்கள், ஷட்டவுன் கிடைத்துவிடும்.

தண்ணீர்ச் சொட்டு கணக்கில் சின்னது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு நாலு லிட்டர் சொச்சம். ஆனால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதற்குப் பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற நிலை. தரையில் விழும் தண்ணீரும் கழிவுநீர்த் தொட்டிக்குத்தான் போகிறது. ஆர்ஓவில் வடிகட்டி, மிச்சத்தை எவாப்பரேட்டரில் வற்றவைக்கும் செலவும் அந்தச் சொட்டின் கணக்கில் சேரும். ஒரு வால்வு சொட்டினால் பரவாயில்லை, ஷெட்டில் நாற்பது வால்வு சொட்டினால்?

லைன் ஓடும்போதே கிளாம்ப் போட்டு அடைக்கலாமா?

அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்கள், கணக்குப் போட்டுச் செய்த கிளாம்ப், சீலன்ட் என்று முறையாகச் செய்தால் அடுத்த ஷட்டவுன் வரை தாங்கும். சைக்கிள் டியூப், எம் சீல், கம்பிச் சுற்று எல்லாம் குளிர்ந்த தண்ணீர் லைனோடு நிற்கட்டும். ஸ்டீமிலோ சூடான எண்ணெயிலோ வேண்டாம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை வால்வுகளைப் பார்க்க வேண்டும்?

எல்லா வால்வுக்கும் ஒரே கணக்குப் போட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். தெர்மிக் ஃப்ளூயிட், பெராக்சைடு, காஸ்டிக் வால்வுகளை ஒவ்வொரு ஷிஃப்டிலும் நடந்துபோகும்போது கண்ணால் பார்க்க வேண்டும். ஸ்டீம் வால்வுகளை வாரம் ஒருமுறை. எப்போதும் திறந்தே அல்லது மூடியே கிடக்கும் வால்வுகளை மாதம் ஒருமுறை கொஞ்சம் திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். அவசரத்துக்கு மூட வேண்டிய நாளில் அசையாமல் இருப்பவை இவைதான். ஸ்பிண்டில் மரைக்கு அப்போதே கொஞ்சம் கிரீஸ்.

ஒவ்வொரு வால்வுக்கும் நம்பர் அடித்த தகடு மாட்டி, ஒரு நோட்டில் தேதி, எந்த இடத்தில் கசிவு, என்ன செய்தோம் என்று மூன்றே விஷயம் எழுதுங்கள். டைட் வைத்ததையும் எழுத வேண்டும், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஆறு மாதத்தில் ஒரே நம்பர் நாலு தடவை வந்திருந்தால் பேக்கிங்கை விட்டுவிட்டு, அந்த வால்வு அந்த இடத்துக்கு ஏற்றதுதானா, ஸ்பிண்டில் நேராக இருக்கிறதா, பக்கத்து பைப்புக்கு சப்போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டோரில் என்னென்ன கைவசம் இருக்க வேண்டும்?

உங்கள் பட்டறையில் உள்ள ஸ்பிண்டில்களை அளந்து, அதிகம் வரும் மூன்று நான்கு சைஸில் கிராஃபைட் கயிறு. கெமிக்கல் லைனுக்கு டெஃப்லான் கயிறு. ஓடும் ஃபிளேஞ்ச் சைஸுகளில் கம்பெனியில் வெட்டிய கேஸ்கெட்டுகள், வளையாமல் தட்டையாக அடுக்கியபடி. கிளாண்ட் போல்ட்டும் நட்டும் ஒரு செட். பேக்கிங் கொக்கி இரண்டு சைஸ், லாப்பிங் பேஸ்ட், நீல மை, ஆன்டி சீஸ் ஒரு டப்பா. தெர்மிக் ஃப்ளூயிட் லைனுக்கு ஒரு பெல்லோஸ் சீல் வால்வு உபரியாக. அது வெளியூரிலிருந்து வர நாளாகும், ஸ்டென்டர் அதுவரை காத்திருக்காது.